நோய் என்று எழுதியது யார்?

போன நவராத்திரிக்கு இங்கே புனேயில் ஒரு தமிழ் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். சுண்டல் பொட்டலத்தோடு கிளம்பும் நேரத்தில், அங்கே வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை மெல்ல பால்கனிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, நீங்க மருந்துக் கம்பெனி சம்பந்தமாத்தானே வேலை பாக்கறீங்க? நல்ல சைக்கியாட்ரிஸ்ட் யாராவது தெரியுமா? தமிழ் பேசறவரா இருந்தா தேவலை. ஊர்ல நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன். பொண்ணு பாக்கலாம்னா பிடி கொடுக்க மாட்டேங்கறான். கேட்டா என்னென்னமோ சொல்றான். அதையெல்லாம் குணப்படுத்திடலாமாமே?"

ஊரில் தெரிந்த பையன் என்றால் எந்தப் பையன் என்று நமக்குப் புரியாதா என்ன.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுக்கிற வேலை. அன்று அவரிடம் "இது நோயே இல்லை சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, பெரிய பெரிய டாக்டர்களே நோய் என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். அதை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள், அப்புறம் யார் அடித்துத் திருத்தினார்கள் என்பது ஒரு நல்ல கதை. பத்து நிமிஷத்தில் பால்கனியில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் இங்கே.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. 'ஓரினச்சேர்க்கை' என்றுதான் நம் பத்திரிகைகள் ரொம்ப நாள் எழுதின. சேர்க்கை என்றதும் நினைப்பு படுக்கையறையோடு நின்றுவிடுகிறது. யாரைப் பார்த்தால் மனசு துள்ளுகிறது, யாரோடு வயசான காலத்தைக் கழிக்க ஆசை என்பதெல்லாம் அதில் வருவதில்லை. 'தன்பாலீர்ப்பு' தேவலை. நான் அதையே எழுதப் போகிறேன். (தமிழ்நாடு அரசே 2022ல் இந்த விஷயங்களுக்கெல்லாம் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.)

இன்னொன்று. எங்கள் தொழிலில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது பெரிய சண்டையே யார் பெயர் போடுவது, யார் பெயர் முதலில் என்பதில்தான் நடக்கும். வேலை செய்தவர் பெயர் கடைசியில் நன்றி நவிலலில் கிடக்கும். கையெழுத்துப் போட்டவர் பெயர் முகப்பில் மின்னும். தன்பாலீர்ப்பு பற்றிய ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்தப் பெயர் விவகாரம்தான் கதையே என்று எனக்குத் தோன்றியது.

ஜேன் கே என்று ஓர் அமெரிக்கப் பெண். இயற்பெயர் ஹெலன் ரெய்ட்மன், 1902ல் பிறந்தவர். பத்திரிகையாளர். தானும் பெண்களை நேசித்தவர். 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றி, தன்னைப் போன்ற சுமார் 300 பெண்களிடம் பேசி அவர்கள் வாழ்க்கைக் கதைகளை எழுதித் தொகுத்தார். எப்படிக் கேள்வி கேட்பது என்பதை பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய நிறுவனத்தில் கற்றுக்கொண்டார். (இந்த ஹிர்ஷ்ஃபெல்ட் 1931ல் இந்தியாவுக்கும் வந்து போனவர். 1933 மே மாதம் நாஜிகள் அவருடைய நூலகத்தைச் சூறையாடித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.)

தொகுத்தாயிற்று. வெளியிட யாரும் தயாரில்லை. டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண், அதுவும் இந்த விஷயத்தை எழுதினால் யார் மதிப்பார்கள்? நியூயார்க்கில் சில மருத்துவர்களை அணுகினார். அதிலிருந்து 1935ல் ஒரு குழு உருவானது. ஜேன் கே தன் நண்பர்கள், தெரிந்தவர்கள் என்று ஆள் ஆளாகக் கூட்டிவந்தார். அவர்கள் வந்தது ஜேன் மேல் இருந்த நம்பிக்கையில். அவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், உடம்பை அளந்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிர்வாணமாகப் படம் எடுத்தார்கள். 1941ல் 40 ஆண்கள், 40 பெண்கள் கதையோடு இரண்டு தடித்த தொகுதிகள் வெளிவந்தன. ஆசிரியர்: டாக்டர் ஜார்ஜ் ஹென்றி, மனநல மருத்துவர். ஜேன் கே ஆசிரியர் இல்லை. தங்கள் வாழ்க்கையை மனம் திறந்து சொன்னவர்களின் கதைகளைக் கொண்டு ஹென்றி எழுதியது, இவர்கள் சரியாக வளராதவர்கள், இப்படி ஆகாமல் தடுப்பது எப்படி என்கிற ரீதியில். 'எங்களைப் புரிந்துகொள்ளுங்கள்' என்று எழுதத் தொடங்கிய புத்தகம், 'இவர்களைத் தவிர்ப்பது எப்படி' என்று முடிந்தது.

பத்து வருஷம் கழித்து, 1951ல், இன்னொரு புத்தகம். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை உள்ளே இருந்து சொன்ன புத்தகம். எழுதியவர் டொனால்ட் வெப்ஸ்டர் கோரி. கறுப்பர்கள், யூதர்கள் மாதிரி நாங்களும் ஒரு சிறுபான்மைதான், எங்கள் பிரச்சினை எங்கள் உடம்பில் இல்லை, நீங்கள் நடத்துகிற விதத்தில் இருக்கிறது என்றது அந்தப் புத்தகம். சின்ன ஊர்களில் தனியாகத் தவித்த எத்தனையோ பேருக்கு அது உயிர்க்கயிறு.

அப்படி ஓர் ஆளே கிடையாது என்பதுதான் விசேஷம். உண்மைப் பெயர் எட்வர்ட் சகாரின். நியூயார்க்கில் வாசனைத் திரவியத் தொழிலில் இருந்தவர், அந்தக் கலை பற்றிப் புத்தகமும் போட்டவர். மனைவி, பிள்ளை உண்டு. பிறகு படிப்புக்குத் திரும்பி 1966ல் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். எதைப் பற்றி ஆய்வு? தன்பாலீர்ப்பாளர் சங்கம் ஒன்றைப் பற்றி! கோரியாக நியாயம் பேசியவர், பேராசிரியர் சகாரினாக இவர்கள் மனநலம் கெட்டவர்கள் என்ற கட்சியில் சேர்ந்துகொண்டார். 1974ல் மான்ட்ரியலில் நடந்த சமூகவியல் மாநாட்டில் சக ஆய்வாளர் ஒருவர் எழுந்து, இரண்டு பேரும் ஒரே ஆள்தானே என்று சபையிலேயே போட்டு உடைத்தார். சகாரினைத் துரோகி என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கென்னவோ பாவமாகத்தான் இருக்கிறது. ஒரே மனுஷன் இரண்டு பெயரில் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டிவந்த காலம் எப்படிப்பட்ட காலமாக இருந்திருக்கும்?

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு தேதி போதும். 1952ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட முதல் நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு ஒரு மனக்கோளாறாகச் சேர்க்கப்பட்டது. 1953ல் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் உத்தரவு ஒன்றின் பேரில், இப்படிப்பட்டவர்கள் மத்திய அரசு வேலையில் இருக்கக்கூடாது என்று தேடித் தேடி வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

சரி, அந்த நோய்ப் பட்டியலுக்கு ஆதாரம் என்ன? இங்கேதான் என் தொழில்புத்தி தலைகாட்டுகிறது. டாக்டர்கள் பார்த்தது தங்களிடம் வந்தவர்களை மட்டுமே. மனசு ஒடிந்து வந்தவர்கள், கோர்ட் அனுப்பி வந்தவர்கள், ஜெயிலில் இருந்தவர்கள். ஆஸ்பத்திரி வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு, புனேக்காரர்கள் எல்லோரும் இருமுகிறார்கள் என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படி? அப்படித்தான் எழுதினார்கள்.

இதில் உச்சம் 1962ல் வந்த இர்விங் பீபர் குழுவின் ஆய்வு. 106 தன்பாலீர்ப்பு ஆண்கள், ஒப்பிட 100 மற்ற ஆண்கள். எல்லோருமே மனப்பகுப்பாய்வு சிகிச்சையில் இருந்த நோயாளிகள். அவர்களிடம் யாரும் நேரில் கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்காக அவர்களுடைய டாக்டர்கள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். கிடைத்த முடிவு? ஒட்டி ஒட்டி வளர்த்த அம்மா, ஒதுங்கி நின்ற அப்பா. இந்தக் கதையை நாமும் கேட்டிருப்போம், "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்ததாலதான் இப்படி ஆயிட்டான்" என்று. எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள் இதைக் கேட்டு அழுதிருப்பார்கள்! அதன் அடிவேர் இப்படி ஒரு படிவம்.

இதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே சரியான ஆய்வு ஒன்று வெளிவந்து யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. ஈவ்லின் ஹூக்கர். 1907ல் நெப்ராஸ்காவில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் எடுத்தவர். அவருடைய மாணவர் சாம் ஃப்ரம். படிப்பு முடிந்த பிறகும் குடும்ப நண்பராக வீட்டுக்கு வந்து போனவர். அவரும் அவருடைய நண்பர்களும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பது ஹூக்கருக்குப் பிறகுதான் தெரிந்தது. 1945 வாக்கில் சாம் ஒருநாள் ஹூக்கரிடம், எங்களைப் போன்றவர்களை ஆராய்ச்சி செய்வது உங்கள் கடமை என்றார். டாக்டரிடம் போகாத, ஜெயிலுக்குப் போகாத, சாதாரணமாக வேலைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிற எங்களை ஏன் யாருமே ஆராய்வதில்லை என்பதுதான் அவர் கேள்வி.

யோசித்துப் பாருங்கள். ஆய்வின் ஆதாரக் கேள்வியே ஆராயப்படும் பக்கத்திலிருந்து வருகிறது.

1953ல் ஹூக்கர் அரசு மனநல நிறுவனத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தார். மெக்கார்த்தி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். இப்படி ஓர் ஆய்வைச் செய்யத் துணிந்த பெண் யார் என்று பார்க்கவே வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பார்த்துவிட்டு நிதியும் கொடுத்தார்கள். 30 தன்பாலீர்ப்பு ஆண்கள், 30 மற்ற ஆண்கள். வயது, படிப்பு, அறிவுத்திறன் மூன்றிலும் ஜோடி ஜோடியாகப் பொருத்தினார். யாருமே சிகிச்சையில் இருப்பவர்கள் இல்லை. சந்திப்பைப் பல்கலைக்கழகத்தில் வைக்கவில்லை. அங்கே வந்து போவதை யாராவது பார்த்தால் அவர்கள் வேலை போய்விடும். தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாக இருந்த சின்னக் கட்டடத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்று சோதனைகள். மைக்கறை மாதிரி படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை அதில் ஒன்று. அன்றைய நம்பிக்கைப்படி, ரோர்ஷாக்கை வைத்தே இன்னார் இப்படி என்று கண்டுபிடித்துவிடலாம். ஹூக்கர் பதில் தாள்களிலிருந்து பெயர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தந்தச் சோதனையில் நாட்டிலேயே பேர் வாங்கிய மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். ரோர்ஷாக்குக்கு ப்ரூனோ க்ளாப்ஃபர். எது யாருடையது என்று கண்டுபிடியுங்கள், ஒவ்வொருவரும் மனநலத்தில் எப்படி என்று மார்க் போடுங்கள் என்றார்.

கண்டுபிடிக்க முடியவில்லை. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும். மனநல மதிப்பெண்ணிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. இரண்டிலுமே மூன்றில் இரண்டு பங்கு பேர் சராசரி அல்லது அதற்கு மேல். 1956ல் சிகாகோவில் உளவியலாளர் மாநாட்டில் வாசித்தார், 1957ல் அச்சில் வந்தது. சாம் ஃப்ரம் 1956ல் கார் விபத்தில் இறந்துபோனார். அச்சில் பார்க்கவில்லை.

என் தொழில்காரர்கள் உடனே கேட்பார்கள்: 60 பேர்தானா? குலுக்கல் முறையில் எடுத்த மாதிரியும் இல்லையே? பெண்களே இல்லையே? எல்லாம் சரி. ரோர்ஷாக்குக்கே அன்றிருந்த மரியாதை இன்று இல்லை. ஆனால் எதிர்க்கட்சியின் வாதம் 'இவர்கள் அனைவருமே நோயாளிகள்' என்பது. 'காக்கை எல்லாம் கறுப்பு' என்பவனுக்கு ஒரு வெள்ளைக் காக்கையைக் காட்டினால் போதுமே, கூட்டமாகக் காட்டத் தேவையில்லை.

அப்புறம் 1972. டாலஸ் நகரம், மனநல மருத்துவர் சங்க மாநாடு. பார்பரா கிட்டிங்ஸ் என்ற போராளியின் ஏற்பாடு. மேடையில் ஒருவர் தொளதொள கோட்டு, தலையில் விக், முகத்தில் ரப்பர் முகமூடி, குரலை மாற்றும் மைக். பெயர்: டாக்டர் எச். அனானிமஸ். தமிழில் சொன்னால் 'டாக்டர் அநாமதேயம்'. நானும் தன்பாலீர்ப்பாளன், நானும் உங்களைப் போல மனநல மருத்துவன் என்று பேசினார். சபை அதிர்ந்துபோனது. இத்தனை வருஷமாக 'அவர்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தது பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் என்று அன்றுதான் பலருக்கு உறைத்தது. 1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு பட்டியலிலிருந்து அதை நீக்கியது. எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார்கள். 1974ல் 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். (நோயா இல்லையா என்பதை ஓட்டுப் போட்டா முடிவு செய்வது என்று கிண்டல் செய்வார்கள். பட்டியலில் சேர்த்தபோது என்ன ஆராய்ச்சி நடந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.) உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ல் நீக்கியது.

முகமூடிக்குள் இருந்தவர் பிலடெல்பியாவின் டாக்டர் ஜான் ஃப்ரையர். அது நான்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல 1994 ஆயிற்று. 22 வருஷம்!

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நான் இருக்கிற மராட்டிய நாட்டிலேயே இதைவிடப் பழைய கதை இருக்கிறது. ர.தோ. கர்வே, மகளிர் கல்விக்காக உழைத்து பாரத ரத்னா வாங்கிய தோண்டோ கேசவ் கர்வேயின் மகன். 1927லிருந்து 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்று ஒரு மராத்தி மாதப் பத்திரிகை நடத்தினார். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை வாசகர்கள் கடிதத்தில் கேட்பார்கள், அவர் கூச்சப்படாமல் பதில் போடுவார். அந்தக் கேள்வி பதிலுக்காக ஆபாச வழக்குப் போட்டார்கள். கேள்விகளில் தன்பாலீர்ப்பும் உண்டு. 1934ல் பம்பாய் கோர்ட்டில் கர்வேக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர். வாசகர்கள் கேட்கிறார்கள், அறிந்தவர் அறிவியலைச் சொல்கிறார், இதில் ஆபாசம் எங்கே என்றார். ஹாவ்லக் எல்லிஸின் ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி, சிலருக்கு இது இயற்கையாகவே அமைகிறது, அதில் தப்பென்ன என்கிற அளவுக்குப் போனார். வழக்கு தோற்றது, கர்வே அபராதம் கட்டினார். கடிதம் எழுதிய அந்த வாசகர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் இந்த விஷயத்தை எழுதியவர்களில் முன்வரிசை அவர்களுக்குத்தான் என்பேன்.

அடுத்தது நமக்கெல்லாம் தெரிந்த பெயர், பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி. 13 இலக்க எண் இரண்டை மனசிலேயே 28 வினாடியில் பெருக்கியவர். அவர் 1977ல் தன்பாலீர்ப்பாளர்களின் உலகம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இந்தியாவில் இந்த விஷயத்தை ஆராய்ந்த ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று. கணக்கு மேதை என்பதால் எல்லோரும் அவருடைய புதிர்ப் புத்தகங்களை வாங்கினார்கள், இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர் ஸ்ரீரங்கத்துக் கோயில் அர்ச்சகரும் சமஸ்கிருத அறிஞருமான ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்திருப்பது. அந்தப் பெரியவர் சொன்னதன் சாரம்: போன ஜென்மத்தில் ஆணும் பெண்ணுமாக நேசித்தவர்களாக இருக்கும், இந்த ஜென்மத்தில் உடம்பு மாறிவிட்டது, ஆத்மாவின் பற்று மாறவில்லை. 1977ல், ஸ்ரீரங்கத்தில்! 'நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்துவராது' என்று டிவியில் சத்தம் போடுகிறவர்கள் அந்தப் பெரியவரிடம் ஒருநாள் டியூஷன் போயிருக்கலாம்.

1991ல் டெல்லியில் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற சிறு குழு இந்தியத் தன்பாலீர்ப்பாளர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கையைக் கொண்டுவந்தது. போலீஸ் மிரட்டல், கட்டாயக் கல்யாணம், டாக்டரிடம் இழுத்துப் போவது எல்லாம் அதில் உண்டு. டாக்டர்கள் பக்கம் அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்றால், 1980களில்கூட நம் நாட்டு மனநல ஆய்விதழில் தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை பற்றிக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. அந்த வகைச் சிகிச்சையில் மின்சார ஷாக்கும் ஒன்று. படத்தைக் காட்டி ஷாக் அடிப்பது. சினிமா வில்லன் செய்வதில்லை, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் செய்தது.

இப்போது அந்தப் பெரியவருக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம் ஒன்று. நோய் இல்லை என்றால், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே, அது ஏன்?

உண்மை, அதிகம்தான். 1981ல் வர்ஜீனியா ப்ரூக்ஸ், பெண்களை நேசிக்கும் பெண்கள் பற்றிய தன் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சிறுபான்மை அழுத்தம். அதை வளர்த்து எடுத்தவர் ஐலன் மேயர். 1995ல் நியூயார்க்கில் 741 தன்பாலீர்ப்பு ஆண்களை ஆராய்ந்தார். மூன்று விஷயங்களை அளந்தார். ஒன்று, நேரில் பட்ட அடி, அவமானம். இரண்டு, இனிமேலும் அடி விழும் என்று எப்போதும் காத்திருக்கும் பதைப்பு. மூன்று, ஊர் சொல்வதையே தானும் நம்பித் தன்னை வெறுப்பது. இவை அதிகம் உள்ளவர்களுக்கு மன வேதனை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. 2003ல் எழுதிய கட்டுரையில் மறைத்து வாழ்வதன் பாரத்தையும் சேர்த்து முழு வரைபடமாகக் கொடுத்தார்.

மறைப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை. ஆபீஸில் திங்கள்கிழமை காலை 'வீக்எண்ட் என்ன பண்ணினே?' என்ற சாதாரணக் கேள்வி. நம்மாள் 'அவன்கூட சினிமா போனேன்' என்று சொல்ல முடியாமல் 'அவங்ககூட' என்பான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஒருநாளைக்கு இப்படி எத்தனை வாக்கியம்? வருஷத்துக்கு எத்தனை?

வெளியூரில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் சிவசேனாக்காரர்கள் தென்னிந்தியர்களை விரட்டிய காலத்தில் அங்கே இருந்த பெரியவர்களைக் கேளுங்கள். ரயிலில் தமிழ் பேசப் பயந்து வாயை மூடிக்கொண்டு வந்த கதைகள் சொல்வார்கள். இப்போதும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'மதராசி' என்று கேலி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "அம்மா, அவன் என்னை இப்படிச் சொன்னான்" என்று அழலாம். அம்மா மடியில் போட்டுக்கொண்டு, "போடா, நம்ம பாஷைக்கு ரெண்டாயிரம் வருஷ வயசு, அவனுக்கு என்ன தெரியும்" என்பாள். அப்பாவும் ஒரு காலத்தில் மதராசி என்று பட்டவர்தான். சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் இதே கதையோடு இன்னும் பத்துப் பிள்ளைகள்.

அந்த வேறு பிள்ளைக்கு வீட்டில் தன்னைப் போல் இன்னொருவர் கிடையாது. வெளியே பட்ட அடியை வீட்டில் சொல்ல முடியாது, வீட்டில் விழும் அடிதான் பெரியது. ஜாதி, மத, மொழிச் சிறுபான்மைக்கும் இந்தச் சிறுபான்மைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். இதற்கு எண்களும் உண்டு. 2009ல் கெய்ட்லின் ரயன் குழு கலிபோர்னியாவில் 21 முதல் 25 வயதுக்குள் 224 பேரை ஆராய்ந்தது. வளரும் பருவத்தில் குடும்பம் கடுமையாக ஒதுக்கியதாகச் சொன்னவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைப் போல 8.4 மடங்கு. தீவிர மனச்சோர்வு 5.9 மடங்கு. இரண்டு பக்கமும் தன்பாலீர்ப்புப் பிள்ளைகள்தான் என்பதைக் கவனியுங்கள். ஈர்ப்புதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். இது நினைவிலிருந்து சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு, சின்ன ஆய்வு, காரண காரியம் முழுசாக நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் மாறினால் மனசு மாறுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2004, 2005 வாக்கில் ஒரே பால் திருமணத்தைத் தடை செய்து சில அமெரிக்க மாநிலங்கள் தங்கள் அரசியல் சாசனத்தைத் திருத்தின. அதற்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைப் பேட்டி கண்ட தரவை மார்க் ஹாட்சன்ப்யூலர் குழு 2010ல் அலசியது. தடை போட்ட மாநிலங்களில் தன்பாலீர்ப்பாளர்களிடையே மனநிலைக் கோளாறுகள் சுமார் 36 சதவீதம் கூடியிருந்தன. ஆட்கள் மாறவில்லை, உடம்பு மாறவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி மாறியது.

நம் ஊர் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 377ஆம் பிரிவு 1860ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. 2009ல் டெல்லி ஐகோர்ட் அதன் பல்லைப் பிடுங்கியது, 2013ல் சுப்ரீம் கோர்ட் பல்லைத் திரும்பக் கட்டியது, 2018 செப்டம்பர் 6ல் சுப்ரீம் கோர்ட்டே அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு இந்திய மனநல மருத்துவர் சங்கம் இது நோயல்ல என்று அறிவித்தது. 2017 மனநலச் சட்டத்திலேயே, சமூகத்தின் ஒழுக்கம், கலாச்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்று இருக்கிறது. திருமணத்துக்கு 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அனுமதி தரவில்லை.

2021 ஜூன் 7ல் சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் தடை போட்டார். வீட்டுக்குப் பயந்து வந்து நின்ற இரண்டு பெண்களின் வழக்கு அது. எனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, பொதுப் புத்தியில் இருக்கும் தப்பெண்ணங்கள் எனக்கும் உண்டு என்று அந்த நீதிபதி தீர்ப்பிலேயே எழுதி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்பு எழுதினார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் இந்த 'மாற்றும் சிகிச்சை' டாக்டர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. ஆக, "மாத்திடலாம் சார், ஆறு மாசம் ஆகும்" என்று எந்த டாக்டராவது சொன்னால், அவர்தான் தப்புச் செய்கிறார். பையன் மனசொடிந்து இருக்கிறான், தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்றால் கட்டாயம் டாக்டரிடம் போகலாம். அந்தச் சோர்வுக்கு வைத்தியம் உண்டு. தமிழிலேயே பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.

கோர்ட் கதையில் ஒன்று பாக்கி. 2009 தீர்ப்பை எதிர்த்து ஜோசியர், சாமியார், அமைப்புகள் என்று பலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, தீர்ப்பைக் காப்பாற்ற இன்னும் சிலர் மனுப் போட்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் சேகர் சேஷாத்ரியும் சக மனநல நிபுணர்களும் ஒரு மனு. 19 பெற்றோர் சேர்ந்து இன்னொரு மனு. எங்கள் பிள்ளைகள் குற்றவாளிகள் இல்லை, இந்தச் சட்டம் எங்கள் குடும்பத்தையே கூண்டில் ஏற்றுகிறது என்று எழுதினார்கள். 2013ல் தோற்றார்கள். மறுஆய்வு கேட்டார்கள், அதுவும் தள்ளுபடி. சீராய்வு மனுவோடு திரும்பப் போனார்கள். எந்த மனுவிலும் புனைபெயர் இல்லை, முகமூடி இல்லை. கோர்ட் ஆவணத்தில் அந்தப் பெற்றோர் மனுவின் முதல் பெயர் மின்னா சரண், ஓர் அம்மா.